கிளவர் டிரிப்பரா, ஹரியோ ஸ்விட்ச்சா, வீட்டு ஃபில்டரே போதுமா?

காபித் தூளை வெந்நீரில் ஊறவைத்து, பேப்பரில் வடிக்கும் புனலான டிரிப்பர் ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் உடனே கிளவரா ஸ்விட்ச்சா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியது, உங்கள் வீட்டில் ஓடுவது பால் காபியா வரக்காப்பியா என்பது. டபராவிலும் டம்ளரிலுமாக நுரை பொங்க ஆற்றிய பால் காபி இல்லாமல் பொழுது விடியாது என்றால், இருக்கிற எவர்சில்வர் ஃபில்டரை விட்டு நகர வேண்டாம். அது தருகிற டிகாஷனை இந்த டிரிப்பர்கள் எதுவும் தராது. பால் சேர்க்காமல் காபியைக் காபியாகவே குடிக்கப் பழகிவிட்டீர்கள், அல்லது பழக ஆசை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

என் சிபாரிசையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் வரக்காப்பி போட்டுக் குடிக்கிற பெரும்பாலானவர்களுக்குக் கிளவர் டிரிப்பர் போதும். காபி போடுகிற வேலையையே ரசித்துப் பழக வேண்டும், ஒரே கொட்டையை இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் ஹரியோ ஸ்விட்ச் வாங்கலாம். எதை வாங்கினாலும் பெரிய சைஸாக வாங்குங்கள். காரணங்கள் கீழே.

ஹரியோ கம்பெனியின் கூம்பு வடிவ வீ60 போன்ற சாதாரண டிரிப்பரில் அடி ஓட்டை எப்போதும் திறந்தே இருக்கும். ஊற்ற ஊற்றத் தண்ணீர் தூளுக்குள் புகுந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த வேகத்தில் ஊற்றினோம், எந்த இடத்தில் ஊற்றினோம், எத்தனை தவணையாக ஊற்றினோம் என்பதெல்லாம் நாக்கில் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர் அதிகமாக ஓடினால் அந்தப் பக்கத்துத் தூள் கசப்பு வரை கரைந்துவிடும். எதிர்ப்பக்கம் அரைகுறையாக நின்று புளிப்பாகும். இரண்டும் ஒரே டம்ளரில் வந்து சேரும். இதைத் தவிர்க்கத்தான் வாத்துக் கழுத்துபோல் வளைந்த மூக்குள்ள கெட்டில், தராசு, கைப்பழக்கம் எல்லாம்.

ஊறவைத்து வடிக்கிற டிரிப்பரில் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. அது மூடியிருக்கும் வரை தூள் முழுவதும் ஒரே தண்ணீரில் கிடந்து ஊறும். தண்ணீரில் சாறு ஏற ஏற, தூளிலிருந்து மேலும் இறங்குவது தானாகவே மந்தப்படும். கூடவே தண்ணீரும் ஆறிக்கொண்டு வரும். அதனால் இரண்டு நிமிடம் ஊற வேண்டியது மூன்று நிமிடம் ஊறிவிட்டாலும் காபி பெரிதாக மாறாது. காலை ஷிப்டுக்கு ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவர், ஒரு கையால் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே போடுகிற காபிக்கு இந்த நிதானம் பெரிய உபகாரம். எந்தக் கெட்டிலில் கொதிக்க வைத்தாலும் சரி, சொம்பில் கொதித்த தண்ணீரை அப்படியே கவிழ்த்தாலும் சரி, ருசி அநேகமாக ஒன்றுதான்.

ஊறவைப்பது மட்டும்தான் வேண்டும் என்றால் பிரெஞ்ச் பிரஸ் போதாதா என்று கேட்கலாம். அதில் வலைதான் வடிகட்டி. நைஸ் பொடியும் எண்ணெயும் டம்ளருக்கு வந்துவிடும். அந்தக் கனம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பேப்பரில் இறங்கிய தெளிவுதான் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. காபி எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால், காவியால் என்ற பொருள்கள் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியவை. பேப்பர் அவற்றில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உலோக வலை விட்டுவிடும். டாக்டர் கொலஸ்ட்ராலைக் கவனிக்கச் சொன்னவர் வீட்டில் இருந்தால், ஒரு நாளைக்கு நாலைந்து காபி குடிக்கிறவராகவும் இருந்தால், இந்த ஒரு விஷயத்துக்காகவே பேப்பர் பக்கம் வரலாம்.

இனி பால் காபி. டிரிப்பரிலேயே கொஞ்சம் கெட்டியாகப் போட்டுப் பால் ஊற்றிக்கொள்ள முடியாதா என்பதுதான் எங்கள் வீட்டிலும் வந்த கேள்வி. அம்மாவுக்குப் பால் காபி, எனக்கு வரக்காப்பி. இரண்டுக்கும் ஒரே பாத்திரம் என்றால் கழுவுகிற வேலை மிச்சம். முடியாது என்று சொல்ல மாட்டேன். வரக்காப்பிக்கு 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர் என்றால், பாலுக்கு 30 கிராம் தூளுக்கு 210 மில்லி வைத்து நாலைந்து நிமிடம் ஊறவிடலாம். தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். ஆக 150 மில்லி டிகாஷன் கைக்கு வரும். அதே 30 கிராமை எவர்சில்வர் ஃபில்டரில் அழுத்தி வைத்து 150 மில்லி கொதிநீர் ஊற்றினால் 90 மில்லிதான் இறங்கும். ஆனால் அது கள்ளிச்சொட்டாக இறங்கும். அதில் இரண்டு மடங்கு பால் ஊற்றினாலும் காபி தலை நிமிர்ந்து நிற்கும். டிரிப்பர் டிகாஷனில் சரிக்குச் சரி பால் ஊற்றினாலே காபி பின்வாங்கிவிடும். "வாசனை இருக்குடா, தெம்பு இல்லை" என்று அம்மா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. இரண்டு வகையும் ஓடுகிற வீட்டில் இரண்டு பாத்திரமும் இருக்கட்டும். ராத்திரியே ஊற்றி வைத்தால் விடியற்காலையில் டிகாஷன் தயாராக இருக்கிற சௌகரியத்தை வேறு எந்தக் கருவியும் தருவதில்லை.

கிளவர் டிரிப்பர் தைவான் தயாரிப்பு. பார்க்க ஒரு பெரிய பிளாஸ்டிக் புனல், மேலே மூடி, கீழே கால்கள். அடியில் ஒரு வட்டத் தட்டு. மேசை மேல் வைத்திருக்கும்போது வால்வு மூடியே இருக்கும். டம்ளர் வாயில் தூக்கி வைத்ததும், டம்ளரின் விளிம்பு அந்தத் தட்டை மேலே தள்ளும். வால்வு திறந்து காபி இறங்கும். தூக்கினால் நின்றுவிடும். பாதி வடித்து ஒரு டம்ளர், மீதி வடித்து இன்னொரு டம்ளர் என்று சிந்தாமல் பங்கிடலாம்.

இந்த அமைப்பில் ஒரு விஷயத்தை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். டம்ளரின் விளிம்பு அந்தத் தட்டின் மேல் சரியாக உட்கார வேண்டும். வாய் அகன்ற டபராவோ சொம்போ ஆகாது. தட்டு உள்ளே தொங்கும், வால்வு திறக்காது. சாதாரண காபி மக்குக்கும் நடுத்தர எவர்சில்வர் டம்ளருக்கும் பொருந்தும். எவர்சில்வர் டம்ளர் என்றால் கனமான அடியுள்ளதாக எடுங்கள். நிரம்பிய டிரிப்பரின் பாரம் மேலே உட்காரும்போது லேசான டம்ளர் சாயப் பார்க்கும்.

நான் கிளவரில் போடுகிற விதம் இது. பேப்பரின் ஒட்டு விளிம்புகளை மடித்து உள்ளே வைத்து, ஒரு தடவை சுடுதண்ணீர் ஊற்றி வடித்துக் கொட்டிவிடுவேன். பிறகு முதலில் 250 மில்லி கொதிநீர், அதன் மேல்தான் 15 கிராம் தூள். கரண்டிக் காம்பால் தூள் எல்லாம் நனைகிற அளவுக்கு மெதுவாக ஒரு கிளறு. மூடி போட்டு இரண்டு நிமிடம். திறந்தால் மேலே தூள் ஆடையாக மிதக்கும். அதை லேசாகக் கிளறிவிட்டு அரை நிமிடம் விட்டால் கீழே படியும். டம்ளர் மேல் தூக்கி வைத்தால் ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடத்தில் இறங்கிவிடும். 220 மில்லி கிடைக்கும். தண்ணீரை முதலில் ஊற்றுவது முக்கியம். தூளைப் போட்டு மேலே தண்ணீரை ஊற்றினால் நைஸ் பொடி நேராகப் பேப்பரில் போய் அப்பிக்கொள்ளும். அப்புறம் இறங்க மூன்று நான்கு நிமிடம் இழுக்கும், கசப்பும் சேரும். தண்ணீருக்கு மேலே தூள் போட்டால் அந்தப் பொடி பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும்.

ஹரியோ ஸ்விட்ச் ஜப்பான் தயாரிப்பு. வீ60-யின் அதே கண்ணாடிக் கூம்பு, உள்ளே அதே சுழல் வரிகள். கூம்புக்குக் கீழே ஒரு பீடம், அதற்குள் எவர்சில்வர் குண்டு ஒன்று ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்திலுள்ள விசையைக் கட்டைவிரலால் கீழே தட்டினால் குண்டு மேலே எழும், காபி இறங்கும். டம்ளர் விளிம்புக்கும் வால்வுக்கும் சம்பந்தம் இல்லாததால் கிளவருக்கு இருக்கும் பொருத்தப் பிரச்சினை இதற்கு இல்லை.

இதன் பெருமை, வால்வைத் திறந்தே வைத்தால் சாதாரண வீ60 ஆகிவிடும் என்பது. மூடினால் ஊறவைக்கும் பாத்திரம். நடுவில் இரண்டையும் கலக்கலாம். 2016-ல் கையால் காபி போடும் போட்டியான உலக பிரூவர்ஸ் கோப்பையை வென்ற ஜப்பானின் டெட்சு கசுயா இதற்கென ஒரு முறை சொல்லியிருக்கிறார். முதல் பாதித் தண்ணீரைச் சூடாக, வால்வு திறந்தபடி ஊற்றி வாசனையையும் புளிப்பையும் எடுப்பது. பின்பாதியை ஏறக்குறைய 70 டிகிரிக்கு ஆறவைத்து, வால்வை மூடி ஊறவிட்டு இனிப்பை எடுப்பது. கசப்பு கிளம்புமுன் திறந்துவிடுவது. மென்வறுவல் கொட்டையில் இது நன்றாகவே வருகிறது. ஆனால் இரண்டு சூட்டில் தண்ணீர், தராசு, கடிகாரம், இரண்டு மூன்று தவணை. காலை அவசரத்தில் கிளவரிலிருந்து கிடைக்கும் நிம்மதி இதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது.

ஸ்விட்ச்சில் சிறிய சைஸ் மூடிய நிலையில் 200 மில்லிதான் பிடிக்கும். அதில் தூளும் இருக்க வேண்டும், தண்ணீரும் இருக்க வேண்டும். ஒரு மக் நிறையக் குடிக்கிறவருக்கு அது காணாது. பெரியது 360 மில்லி. கிளவரில் சிறியது 300, பெரியது 500. பெரிய கிளவரில் ஒரு ஆளுக்கும் போடலாம், இரண்டு ஆளுக்கும் போடலாம். சிறியதில் விருந்தாளி வந்தால் இரண்டு தடவை போட வேண்டும். விலையில் எவர்சில்வர் ஃபில்டர்தான் மலிவு, பிளாஸ்டிக் வீ60 அதற்கு மேல், கிளவர் அதற்கும் மேல், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்விட்ச். கண்ணாடி என்பதால் கைதவறினால் முடிந்தது. குழந்தைகள் ஓடுகிற சமையலறையில் இதையும் கணக்கில் எடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை பிளாஸ்டிக்தான் ஜெயிக்கிறது. கண்ணாடி தானே சூடாகிக்கொள்ள தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். தருமபுரியில் சித்திரை மாதத்தில் இது பொருட்டே இல்லை. ஓசூரில், தளியில், தேன்கனிக்கோட்டையில் மார்கழிக் காலையில் பாத்திரமே சில்லிட்டுக் கிடக்கும்போது, ஸ்விட்ச்சைச் சுடுதண்ணீர் ஊற்றி நன்றாகச் சூடேற்றாவிட்டால் காபி பாதியிலேயே ஆறி, சப்பென்று இருக்கும். கூடவே இன்னொன்று: ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'கொதித்ததும் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்' என்று கடலோர ஊருக்கு எழுதிய குறிப்பை ஓசூரில் பின்பற்றத் தேவையில்லை, கொதித்ததும் அப்படியே ஊற்றலாம். கடையில் வறுத்த கறுப்பு வறுவல் தூளுக்கு மட்டும் எந்த ஊரானாலும் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள், கசப்பு அடங்கும்.

நம் பக்கத்தில் டிரிப்பரைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். பேப்பரில் வடித்த வரக்காப்பியில் ஒளிந்துகொள்ளப் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. தண்ணீரின் குணம் அப்படியே வெளியே வரும். போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் இடங்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். அந்தக் கடினத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் காபியின் புளிப்பைத் தின்றுவிடும். நல்ல அராபிகா கொட்டையில் இருக்கும் பழச்சாயல் எல்லாம் போய், மொட்டையாக, சாக்குப் பை வாசனையோடு நிற்கும். பலர் கொட்டையையும் டிரிப்பரையும் குறை சொல்வது இதனால்தான்.

ருசியைவிட முக்கியம் புளோரைடு. நம் நிலத்தடி நீரில் அது அதிகம் என்பதும், பல்லையும் எலும்பையும் அது என்ன செய்யும் என்பதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டு இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருகிறது. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் மிச்சமுள்ளதில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆகவே காபிக்குத்தானே, கொதிக்கத்தானே போகிறது என்று போர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துவைத்து, வடிகட்டி, காபிக்கு அதையே வையுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் பாதுகாப்பானதுதான், ஆனால் உப்புகள் மொத்தமாகப் போய்விட்ட தண்ணீரில் காபி மெலிந்து, புளிப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். காபிச் சாற்றை இழுத்துக்கொண்டு வர மக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் வேண்டும். காபித் தொழிலில் இருப்பவர்கள் 150 டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு) சுற்றுவட்டாரத்தை நல்ல தண்ணீர் என்று வைக்கிறார்கள். 75-லிருந்து 250 வரை பரவாயில்லை. டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கி உங்கள் குழாய்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் ஒரு தடவை பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் 20, 30 காட்டுகிறது என்றால் பாதிக்குப் பாதி வடிகட்டிய ஒகேனக்கல் தண்ணீரைக் கலந்தால் ருசி எழும். டி.டி.எஸ். ஏற்றுவதற்காகப் போர் தண்ணீரைக் கலப்பது மட்டும் கூடவே கூடாது. அந்தப் பேனா மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் புளோரைடு எவ்வளவு என்று காட்டாது.

தூள் விஷயத்தில் நாம் நல்ல இடத்தில்தான் இருக்கிறோம். தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போனால் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே காபி நட்டபோது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தன. 1965-ல்தான் தருமபுரி பிரிந்தது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி. இன்றைக்கும் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் அராபிகா விளைகிறது. ஓசூர்க்காரர்களுக்கு மறுபக்கம் பெங்களூரு கைக்கெட்டும் தூரம். சிக்மகளூர், குடகுக் கொட்டையை மென்வறுவலாக வறுத்து, வறுத்த தேதி போட்டு விற்பவர்கள் அங்கே நிறைய.

எதை வாங்கினாலும் சிக்கரி கலக்காததாக வாங்குங்கள். சிக்கரி கலந்த பாக்கெட்டில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கலப்பு விகிதம் பாக்கெட்டில் அச்சாகியிருக்கும், படித்துப் பாருங்கள். பால் காபிக்குச் சிக்கரி நிறமும் கெட்டித்தன்மையும் தரும், அதைக் குறை சொல்லவில்லை. டிரிப்பரில் அது காபியின் வாசனையை அமுக்கிவிடும். வறுத்து அரைக்கும் கடையில் பிளான்டேஷன் ஏ, பீபெரி என்று கொட்டையின் ரகத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் ஃபில்டருக்கு ஏற்ற நைஸாக அரைத்துவிடுவார்கள். "அண்ணா, ஃபில்டருக்கு இல்லை, பேப்பர்ல வடிக்க, ரவை பதத்துக்கு அரைச்சுக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். உப்புமா ரவை அளவு சரி. ஒருமுறை வந்த பதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை கூட்டவோ குறைக்கவோ சொல்லலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் நைஸ் அதிகம். தண்ணீராக, உப்புச்சப்பில்லாமல் இருந்தால் கொரகொரப்பு அதிகம். ஒரு கை கிரைண்டர் வாங்க முடிந்தால், ஸ்விட்ச்சுக்கும் கிளவருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அதில் போடுங்கள். அப்போதே அரைத்த தூளில் கிளவர் தருகிற காபி, பத்து நாள் பழைய தூளில் ஸ்விட்ச் தருகிற காபியைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏரோபிரஸ் பற்றியும் கேட்பீர்கள். அதுவும் ஊறவைப்பதுதான், ஆனால் கையால் அழுத்தி வடிக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குத்தான். பயணம் போகிறவர், விடுதியில் தங்கியிருப்பவர் அதை வாங்கட்டும்.

பேப்பர் இரண்டுக்கும் வேறு வேறு. கிளவருக்கு அடி தட்டையான மெலிட்டா வகை, பெரிய சைஸுக்கு 4-ஆம் நம்பர், சிறியதற்கு 2. ஸ்விட்ச்சுக்குக் கூம்பு வடிவ வீ60 பேப்பர், சிறியதற்கு 02, பெரியதற்கு 03. மளிகைக் கடையில் கேட்டு உடனே கிடைக்கிற சரக்கு இல்லை இது. ஆன்லைனில் வரவழைக்க வேண்டும், அல்லது பெங்களூரு போகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால் டிரிப்பரோடு சேர்த்தே 100 பேப்பர் கட்டு இரண்டு வாங்கி வையுங்கள். அடுக்களையில் தாளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பேப்பர் கடுகு, பெருங்காய வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

நம் தண்ணீரில் வால்வில் சுண்ணாம்பு படியும். கிளவரில் தட்டுக்கு மேல் இருக்கும் சிலிக்கோன் வளையத்திலும் ஸ்விட்ச்சில் குண்டு உட்காரும் இடத்திலும் வெள்ளையாகப் படிந்தால் மூடியும் சொட்டும். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும். ஸ்விட்ச்சின் கூம்பைப் பீடத்திலிருந்து கழற்றிக் கழுவலாம்; கிளவரில் அடிப்பக்கத்துக்கு ஒரு சின்ன பிரஷ் வேண்டும், பழைய டூத் பிரஷ் போதும்.